துருப்பிடிக்காத கம்பியும் தொய்கிற பீமும்



இப்போதெல்லாம் எந்தக் கட்டுமானப் பொருள் கண்காட்சிக்குப் போனாலும் ஏதாவது ஒரு கடையில் வெளிர்பச்சையாகவோ மஞ்சளாகவோ ஒரு கம்பிச் சுருள் கிடக்கிறது. தூக்கிப் பார்த்தால் கனமே இல்லை. கடைக்காரர் இரண்டு வாக்கியம் சொல்வார்: "சார், இது துருப்பிடிக்காது. இரும்பைவிட பலம் ஜாஸ்தி." இரண்டும் உண்மைதான். மூச்சுவிடாமல் மூன்றாவதாக ஒன்று சொல்வார்: "12 எம்எம் இரும்பு போடுற இடத்துல இதுல 10 எம்எம் போட்டாப் போதும்." முதல் இரண்டும் உண்மையாக இருந்தாலும் அவற்றிலிருந்து மூன்றாவது வராது. ஏன் வராது என்பதுதான் இன்றைய என் பேச்சு.

அந்தக் கம்பியின் முழுப்பெயர் கண்ணாடி இழை வலுவூட்டிய பாலிமர் கம்பி. ஒரு மணி நேரமும் அதையே சொல்லிக்கொண்டிருக்க முடியாது. கண்ணாடிக் கம்பி என்று சுருக்கிக்கொள்கிறேன். கார்பன், அராமிட், பசால்ட் இழைகளிலும் இதே வகைக் கம்பிகள் உண்டு. கார்பனின் விலை சாதாரண வேலைகளுக்குக் கட்டுப்படியாகாது. எனவே நம் ஊர்ச் சந்தையில் பேச்சு பெரும்பாலும் கண்ணாடியைப் பற்றித்தான்.

இரும்பை விட்டு வேறு எதையாவது தேட வேண்டிய அவசியம் ஏன் வந்தது என்பது கடற்கரை ஊர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. நாகப்பட்டினத்திலோ இராமேசுவரத்திலோ இருபது வருடம் பழகிய ஒரு வீட்டின் சன்ஷேடுக்கு அடியில் நின்று மேலே பார்த்தால் போதும். கான்கிரீட்டின் காரத்தன்மை, அதாவது 12.5-க்கு மேற்பட்ட பிஎச், இரும்பின்மேல் ஒரு மெல்லிய ஆக்சைடு படலத்தை உண்டாக்கிக் காத்து நிற்கிறது. கடற்காற்றின் உப்பிலுள்ள குளோரைடு உள்ளே ஊறிக் கம்பியை எட்டியதும் அந்தப் படலம் உடைகிறது. துருவின் கன அளவு, தின்னப்பட்ட இரும்பைப்போல இரண்டு முதல் ஆறு மடங்கு வரை இருக்கும். உள்ளிருந்து வரும் அந்த அழுத்தத்தில்தான் காரை பொரிந்து விழுகிறது. நம் ஐஎஸ் 456 விதி உச்சக் கடுமையான சூழலில் 75 மி.மீ. கவர் கேட்பது இந்தக் குளோரைடின் பயணத்தைத் தாமதப்படுத்தத்தான், நிறுத்த அல்ல.

அமெரிக்காவில் இதே வேலையைக் கடலோடு சேர்ந்து சாலை உப்பும் செய்தது. பனியை உருக்கப் பாலங்களின்மேல் உப்பைக் கொட்டினார்கள். 1973-ல் பென்சில்வேனியாவில் ஒரு பாலத் தளத்தில் எப்பாக்சி பூசிய கம்பியை முதன்முதலாகப் போட்டார்கள். பிரச்சினை தீர்ந்தது என்றே பலரும் நினைத்தார்கள். புளோரிடா கீஸ் தீவுத்தொடரில் கட்டிய புதிய கடற்பாலங்களின் தூண்களுக்கும் அதே கம்பிதான். 1986-ல் லாங் கீ பாலத்தின் தூண்களில் துரு வெளியே தெரிந்தது. பாலத்துக்கு அப்போது பத்து வயதுகூட ஆகவில்லை. வெளியூர்க் கதையை இங்கே கொண்டுவருவதற்குக் காரணம் உண்டு. கட்டுமானத்தில் புதுப்பொருள் ஒன்று வரும்போது அது எதைத் தீர்க்கிறது என்பதை விற்பவர் சொல்லிவிடுவார். எதைப் புதிதாகக் கொண்டுவருகிறது என்பதை நாம்தான் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும்.

கண்ணாடிக் கம்பி செய்யும் முறை எளிது. ஆயிரக்கணக்கான கண்ணாடி இழைகளை ஒரு பிசின் தொட்டிக்குள் முக்கி, சூடான அச்சுத் துளை வழியாக இழுப்பார்கள். பிசின் இறுகிக் கம்பி வெளியே வரும். பிசின் வினைல் எஸ்டராக இருப்பது நல்லது. மலிவான பாலியெஸ்டர் கான்கிரீட்டின் காரத்தைத் தாங்காது. கம்பியின் மேற்பரப்பில் மணலை ஒட்டுவார்கள், அல்லது இழையைத் திருகாகச் சுற்றி வரி எழுப்புவார்கள். கான்கிரீட் பிடிப்பதற்கு அது வேண்டும். எடை, அதே தடிமனுள்ள இரும்பில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு. இழுவலிமை கம்பிக்குக் கம்பி வேறுபடும். 700 மெகாபாஸ்கல் சாதாரணம், 1,000-ஐத் தாண்டுவதும் உண்டு. நம் எஃப்இ 500 இரும்பு 500-லேயே இளகத் தொடங்கிவிடும். ஆக, கடைக்காரரின் இரண்டாவது வாக்கியம் சரி.

அவர் சொல்லாமல் விட்ட எண் ஒன்று இருக்கிறது. இரும்பின் யங் குணகம் 200 ஜிகாபாஸ்கல். கண்ணாடிக் கம்பிக்கு 45, நல்ல கம்பியானால் 60. அதே தகைவுக்கு, குணகம் 45 உள்ள கண்ணாடிக் கம்பி நாலு மடங்குக்கு மேல் நீளும். 12 மி.மீ. இரும்பை எடுத்துவிட்டு அந்தக் கண்ணாடியில் 10 மி.மீ. வைத்தால், பரப்பும் குறைந்து குணகமும் குறைந்து, இழுவைக்கு எதிரான விறைப்பு பழையதில் ஆறில் ஒரு பங்குகூட இராது. துணி காயப்போடும் நைலான் கொடியைப் போலத்தான். கொடி அறாது. ஆனால் ஈரப்புடவை தரையைத் தொட்டுவிடும்.

இதை எண்களில் பார்க்கலாம். நம் ஊர் வீட்டில் வழக்கமான ஒரு பீமையே எடுத்துக்கொள்கிறேன். அகலம் 230 மி.மீ., மொத்த ஆழம் 450, கம்பியின் மையம் வரை 400, இடைவெளி 5 மீட்டர், இருபுறமும் சும்மா தாங்கப்பட்டது, எம்30 கான்கிரீட். அடியில் மூன்று 16 மி.மீ. கம்பி. ஒரு பீமில் அவை இரும்பு. இன்னொன்றில், 12-க்கு 10 என்ற பேரமெல்லாம் இல்லாமல், அதே மூன்று 16 மி.மீ. கண்ணாடி. கண்ணாடிக்குக் குணகம் 45 ஜிகாபாஸ்கல், உத்தரவாத வலிமை 700 மெகாபாஸ்கல் என்று வைத்துக்கொள்வோம்.

முதலில் உடையும் பலம். பாதுகாப்புக் குணகம் எதுவும் சேர்க்காமல் கணக்கிட்டால் இரும்புப் பீம் ஏறத்தாழ 111 கிலோநியூட்டன்-மீட்டர் திருப்புத்திறனைத் தாங்கும். கண்ணாடிப் பீம் 118. கண்ணாடிதான் ஒரு படி மேலே. கடைக்காரர் இங்கேயே ரசீது புத்தகத்தைத் திறந்துவிடுவார்.

இனி அன்றாடச் சுமை. பீமின் சொந்த எடை, சிலாப், ஆட்கள், சாமான் எல்லாம் சேர்ந்து நடுவில் 50 கிலோநியூட்டன்-மீட்டர் வருகிறது என்போம். கான்கிரீட்டின் வெடிப்புத் தொடங்கும் அளவு சுமார் 30. ஆக இரண்டு பீமும் அடியில் வெடித்துத்தான் இருக்கும். அதில் குற்றமில்லை, வெடிக்காத பீமில் கம்பிக்கு வேலையே இல்லை. ஆனால் வெடித்த பிறகு இரண்டும் இரண்டு வேறு பீம்களாகிவிடுகின்றன. இரும்புப் பீமில் நடுநிலை அச்சு மேலிருந்து 106 மி.மீ. ஆழத்தில் நிற்கிறது. கண்ணாடிப் பீமில் 55 மி.மீ. அதாவது வெடிப்பு ஏறக்குறைய உச்சி வரை ஏறிவிடுகிறது; அமுக்கத்தைத் தாங்க மேலே ஒரு மெல்லிய பட்டை மட்டுமே மிச்சம். வெடித்த நிலையில் குறுக்குவெட்டின் நிலைமத் திருப்புத்திறன், முழுக் கான்கிரீட் குறுக்குவெட்டுடன் ஒப்பிட்டால், இரும்பில் 27 சதவீதம். கண்ணாடியில் ஏழரை. பீம் நெடுகிலும் வெடித்துவிட்டதாக எடுத்துக்கொண்டால் இரும்புப் பீமின் தொய்வு 10 மி.மீ., கண்ணாடிப் பீமின் தொய்வு 36. ஐஎஸ் 456, காலப்போக்கில் கூடும் தொய்வையும் சேர்த்து அனுமதிப்பது நீளத்தில் 250-ல் ஒரு பங்கு. நம் பீமுக்கு 20 மி.மீ.

உண்மையில் பீம் நெடுகிலும் வெடிப்பதில்லை. இரண்டு வெடிப்புகளுக்கு நடுவே இருக்கும் கான்கிரீட் கம்பியைப் பிடித்துக்கொண்டு இழுவையில் கொஞ்சம் பங்கெடுக்கும். அதனால் நிஜத் தொய்வு இந்த எண்களைவிடக் குறையும். எவ்வளவு குறையும்? இந்தக் கேள்வியில்தான் எனக்கு மிகவும் பிடித்த ஒரு கதை இருக்கிறது. நேரம் அதிகமானாலும் சொல்லிவிடுகிறேன்.

அமெரிக்கப் பொறியாளர் பிரான்சன் 1960-களில் ஒரு சூத்திரம் தந்தார். வெடிக்காத விறைப்புக்கும் முழுதும் வெடித்த விறைப்புக்கும் இடையில் ஒரு சராசரியைக் கண்டுபிடிக்கும் வழி அது. பல நாடுகள் அதைப் பயன்படுத்தின. நானும் மாணவர்களுக்குப் பலகையில் எழுதியிருக்கிறேன். நம் இரும்புப் பீமுக்கு அது 6.4 மி.மீ. தொய்வு தருகிறது. நியாயமான விடை. கண்ணாடிப் பீமுக்கு அதே சூத்திரம் 10 மி.மீ. தருகிறது. ஆனால் ஆய்வுக்கூடத்தில் கண்ணாடிக் கம்பிப் பீம்களைச் சோதித்தவர்களெல்லாம் கணக்கைவிட வெகுவாகத் தொய்வதையே பார்த்தார்கள். குற்றம் புதுக்கம்பிமேல் விழுந்தது. பிடிப்பு போதவில்லை, கம்பி நழுவுகிறது என்றெல்லாம் காரணம் சொல்லி, சூத்திரத்துக்குள் திருத்தக் குணகங்களைச் செருகிப் பார்த்தார்கள்.

கனடாவின் நியூ பிரன்ஸ்விக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பீட்டர் பிஷாஃப் 2005-ல் வெளியிட்ட கட்டுரையில் குற்றவாளியை மாற்றினார். பிரான்சனின் சூத்திரத்தைப் பொருத்திப் பார்த்த இரும்புப் பீம்களில், முழு விறைப்புக்கும் வெடித்த விறைப்புக்கும் உள்ள விகிதம் இரண்டு, மூன்று என்று சிறியதாக இருந்தது. நம் இரும்புப் பீமில் அது 3.7. விகிதம் இவ்வளவு சிறியதாக இருக்கும்வரை சூத்திரத்தின் பிழை வெளியே தெரியாது. கண்ணாடிப் பீமில் அதே விகிதம் 13-ஐத் தாண்டுகிறது. அங்கே சூத்திரம், வெடிப்புகளுக்கிடையிலான கான்கிரீட்டின் உதவியை அளவுக்கு மீறிக் கொடுத்துவிடுகிறது. நெட்டாங்கில் அடுக்கிய சுருள்வில்களைப்போலப் பீமின் வளைவுகளைக் கூட்ட வேண்டிய இடத்தில், பக்கத்தில் பக்கத்தில் வைத்த வில்களைப்போல விறைப்புகளைக் கூட்டிவிட்டதுதான் அடிப்படைக் கோளாறு. பிஷாஃபின் முறைப்படி நம் இரும்புப் பீமின் தொய்வு 7.5 மி.மீ. பழைய விடையிலிருந்து பெரிய தூரமில்லை. கண்ணாடிப் பீமுக்கு 24. பிரான்சன் சொன்ன 10 எங்கே, இந்த 24 எங்கே!

பிறகு நடந்ததுதான் சுவையானது. அமெரிக்கக் கான்கிரீட் கழகம் 2019-ல் தன் ஏசிஐ 318 விதியைப் புதுப்பித்தபோது, இரும்புக் கம்பிப் பீமுக்கும் பிரான்சனை விட்டுவிட்டு பிஷாஃபின் வடிவத்தை எடுத்துக்கொண்டது. கம்பி குறைவாக இருக்கும் இரும்புச் சிலாபுகளிலும் அதே பிழை அத்தனை வருடமும் மறைந்து கிடந்திருக்கிறது. கண்ணாடிக் கம்பியால் கட்டுமானத்துக்கு என்ன லாபம் என்று யாராவது கேட்டால் இதை முதலில் சொல்வேன்.

சரி, 24 மி.மீ. தொய்வை எப்படிக் குறைப்பது? கம்பியைக் கூட்டலாம் என்று தோன்றும். வெடித்த நிலையில் இரும்புக்குச் சமமான விறைப்பு வேண்டுமானால் பரப்பு நாலரை மடங்கு வேண்டும். மூன்று கம்பிக்குப் பதில் பதின்மூன்று. 230 மி.மீ. அகலத்தில் அவற்றை வைத்தால் கான்கிரீட் நுழைய வழியில்லை. ஆழத்தைக் கூட்டுவது வேறு கதை. அதே மூன்று கம்பியோடு மொத்த ஆழத்தை 450-லிருந்து 550 ஆக்கினால், கூடுதல் சொந்த எடையையும் சேர்த்துக் கணக்கிட்டு, தொய்வு 7 மி.மீ. சொச்சத்துக்கு இறங்குகிறது. இரும்புப் பீமுக்குச் சமம். வெடிப்புத் தொடங்கும் அளவே 44-க்கு ஏறிவிடுவதால் வந்த சலுகை இது. கான்கிரீட் உலர்ந்து சுருங்கும்போது ஏற்படும் உள் இழுவை அந்தச் சலுகையில் ஒரு பகுதியைத் திரும்ப எடுத்துக்கொள்ளும். அதனால் இந்த 7-ஐ அப்படியே நம்பிவிடக் கூடாது. ஆனால் திசை சரி. கண்ணாடிக் கம்பி கேட்பது பருமனை அல்ல, பீமின் ஆழத்தை. கீழே தலை இடிக்காமல் இருந்தால் கொடுத்துவிடலாம்.

இனி, உடையும் விதம். இங்கே நான் மாணவர்களிடம் மன்னிப்புக் கேட்கும் நிலை. முதல் வகுப்பிலிருந்து உங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது என்ன? பீமில் கம்பி குறைவாக இருக்க வேண்டும். கான்கிரீட் நொறுங்குவதற்கு முன் இரும்பு இளக வேண்டும். இளகிய இரும்பு நீண்டுகொண்டே போகும், பீம் தொங்கும், ஆட்கள் ஓடிப்போக நேரம் கிடைக்கும். கண்ணாடிக் கம்பி இளகுவதே இல்லை. தகைவும் திரிபும் அறும் கணம் வரை ஒரே நேர்கோட்டில் போகும், பிறகு அறும். எனவே இங்கே விதி தலைகீழ். கம்பியை அதிகமாக வைத்து, கம்பி அறுவதற்கு முன் கான்கிரீட் நொறுங்கும்படி வடிவமைப்பதையே அமெரிக்க, கனடிய விதிகள் விரும்புகின்றன. இரண்டு கெட்ட முடிவுகளில் குறைந்த கெடுதலைத் தேர்ந்தெடுப்பது.

சுமையேற்றும் சட்டகத்தில் இப்படியொரு பீமை வைத்து ஜாக்கியை ஏற்றிப் பார்த்தவர்களுக்கு ஒரு காட்சி மறக்காது. முதல் வெடிப்பு இரும்புப் பீமில் மெல்ல ஏறும். இதில் விறுவிறுவென மேலே ஓடி, சுவிட்சு போட்டதுபோலத் தொய்வுமானியின் முள் தாவும். பிறகு பீம் சீராக, பிடிவாதமாக வளைந்துகொண்டே போகும். அடிவெடிப்புகளுக்குள் டார்ச் அடித்தால் பச்சைக் கம்பி தெரியும் அளவு அகலம். மேலே கான்கிரீட் செதிலாகக் கிளம்பத் தொடங்கும்போது சுமையை இறக்கினால், அத்தனை வளைவும் பெரும்பாலும் நிமிர்ந்துவிடும்! வெடிப்புகள் மூடிக்கொள்ளும். பார்க்க அழகுதான். ஆனால் நிலநடுக்கத்தை நினைத்துப் பாருங்கள். இரும்பு இளகும்போது அதிர்வின் ஆற்றலைத் தின்றுவிடுகிறது. கண்ணாடிப் பீம் எதையும் தின்னாமல் வாங்கியதைத் திருப்பிக் கொடுக்கிறது. நிலநடுக்கத்தை எதிர்க்கும் சட்டகங்களின் பீமிலும் தூணிலும் இந்தக் கம்பியை வைக்கத் தயங்குவதற்கு இதுவே காரணம்.

எச்சரிக்கையே இல்லையா என்றால், இருக்கிறது. 24 மி.மீ. தொய்வும் அகன்ற வெடிப்பும் எச்சரிக்கை இல்லாமல் வேறென்ன? கனடாவின் ஆய்வாளர்கள் ஜேகரும் முஃப்தியும் தாட்ரோசும் சேர்ந்து 1990-களில் இந்த எண்ணத்துக்கு ஓர் அளவுகோல் தந்தார்கள். முறியும் நிலையில் திருப்புத்திறனையும் வளைவையும் பெருக்கி, அன்றாடச் சுமை நிலையின் பெருக்கலால் வகுப்பது. கனடாவின் நெடுஞ்சாலைப் பால விதி செவ்வகப் பீமுக்கு அது குறைந்தது 4, டி-வடிவப் பீமுக்கு 6 இருக்க வேண்டும் என்கிறது. அமெரிக்க விதி அந்த வழியில் போகாமல் பலத்தையே வெட்டிவிடுகிறது. இளகும் இரும்புப் பீமுக்குக் குறைப்புக் குணகம் 0.90, கண்ணாடிக் கம்பி அறும் பீமுக்கு 0.55, கான்கிரீட் நொறுங்கும் பீமுக்கு 0.65. வெளிக்காற்றுப் படும் இடத்தில் கம்பியின் வலிமையையும் முதலிலேயே 0.7 ஆல் பெருக்கச் சொன்னது அமெரிக்கக் கான்கிரீட் கழகத்தின் 2015 வழிகாட்டி. இவற்றையெல்லாம் நம் பீமுக்குப் போட்டால் 118 என்று ஏட்டில் நின்ற பலம் 59 ஆகிறது. இரும்பின் 111, 100 ஆகிறது. நம் 50-ஐ ஒன்றரை மடங்காக்கினால் வேண்டியது 75. ரசீது புத்தகத்தை மூடிவிடலாம்.

நாள்பட்ட சுமை இன்னொரு சங்கதி. கண்ணாடி இழையில் நிரந்தரமாக ஒரு கனத்தைத் தொங்கவிட்டால், அறும் வலிமைக்கு வெகு கீழேயே அது ஒருநாள் அறும். ஈரமும் காரமும் சேர்ந்தால் அந்த நாள் சீக்கிரம் வரும். அதனால் நிரந்தரச் சுமையில் கண்ணாடிக் கம்பியின் தகைவு வடிவமைப்பு வலிமையில் 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்றது அதே வழிகாட்டி. கார்பனுக்கு 55 சதவீதம் வரை இடம் தந்தது; கார்பன் இந்த நோய்க்கு அவ்வளவாக ஆட்படுவதில்லை. நம் பீமின் சுமையில் 60 சதவீதம் நிரந்தரம் என்றால் கம்பியில் தகைவு 130 மெகாபாஸ்கல், அனுமதி 98. தேறவில்லை. 2022-ல் கண்ணாடிக் கம்பிக்கென்றே வந்த அமெரிக்கக் கட்டட விதி இந்த எல்லைகளைத் தளர்த்தியது: சூழல் குணகம் 0.85, நிரந்தரச் சுமைக்கு 30 சதவீதம். அதன்படி அனுமதி 178, தேறிவிட்டது. ஒரே பீம், ஏழு வருட இடைவெளியில் இரண்டு தீர்ப்பு. பொருள் புதிது என்பதன் அர்த்தம் இதுதான்.

தளர்த்தியதற்கு ஆதாரம் என்ன? ஆய்வுக்கூடத்தில் கண்ணாடிக் கம்பிகளை 60 டிகிரி சூட்டுக் காரநீரில் ஊறவைத்துச் சோதிப்பது வழக்கம். முடிவுகள் பயமுறுத்தும். கனடாவில் அஃப்தாப் முஃப்தியின் தலைமையில் வேறு வழியில் போனார்கள். ஐந்து முதல் எட்டு வருடம் உபயோகத்தில் இருந்த ஐந்து கட்டமைப்புகளிலிருந்து கான்கிரீட்டை உருளையாகத் துளைத்தெடுத்து, உள்ளிருந்த கம்பியை நுண்ணோக்கியில் பார்த்தார்கள். நோவா ஸ்கோஷியாவின் ஹால்ஸ் ஹார்பர் படகுத்துறை, ஷெர்புரூக்கின் ஜோஃப்ரி பாலம், கால்கரியின் கிரோசைல்ட் டிரெயில் பாலம் ஆகியவையும் அவற்றில் அடக்கம். இழையும் பிசினும் கான்கிரீட்டைத் தொடும் எல்லையில் சிதைவே தெரியவில்லை. காரநீரில் முங்கிக் கிடப்பதும் கான்கிரீட்டின் அரை ஈரத்தில் பொதிந்து கிடப்பதும் ஒன்றல்ல என்பது அதில் உறுதியானது.

வடிவமைப்பாளரின் மேசையை விட்டு சைட்டுக்கு வருவோம். கம்பி கட்டும் தொழிலாளி கண்ணாடிக் கம்பியைக் கையில் வாங்கியதும் முதலில் செய்யப் பார்ப்பது வளைப்பது. வளையாது, இறுகிய பிசினை இனி யாரும் வளைக்க முடியாது. கட்டாயப்படுத்தினால் இழை நொறுங்கும். எல் வளைவும் ரிங்கும் பிசின் ஈரமாக இருக்கும்போதே தொழிற்சாலையில் வளைத்து வர வேண்டும். அளவு தப்பினால் சைட்டில் சரிசெய்ய வழியில்லை. அப்படி வளைத்த ரிங்கிலும் மூலையில் இழைகள் நசுங்கிப் பலம் நேர்க்கம்பியில் பாதியளவுக்குக்கூடக் குறையலாம். அதனால் ரிங்கில் திரிபை 0.004-க்குமேல் கணக்கில் எடுக்கக் கூடாது என்றது 2015 வழிகாட்டி. வெட்டுவிசையில் பீம் முன்பே பலவீனம். அமுக்கப் பட்டை மெல்லியது, வெடிப்பு அகலம், கம்பியும் குறுக்கே வரும் விசைக்கு எதிர்த்து நிற்காது. ரிங்கை இடைவெளி கூட்டிப் போடுகிற நம் பழக்கத்துக்கு இது உகந்த இடமல்ல.

வெட்டுவதற்கு ரம்பம் வேண்டும். இரும்பு வெட்டும் கட்டர் கம்பியின் முனையை நசுக்கிப் பிரித்துவிடும். வெயிலில் மாதக்கணக்கில் போட்டுவைக்கவும் கூடாது. இன்னொன்று, யாருக்கும் முன்கூட்டித் தோன்றாதது: கண்ணாடிக் கம்பியின் அடர்த்தி கான்கிரீட்டைவிடக் குறைவு. கலவையைக் கொட்டி வைப்ரேட்டரை விட்டால் கம்பிக்கூடு மிதந்து மேலே வரும். அடியில் கவர் பிளாக் வைத்தால் மட்டும் போதாது. கூட்டைப் பலகையோடு கீழிழுத்துக் கட்ட வேண்டும். நாற்பது வருடம் கம்பி வேலை செய்த மேஸ்திரிக்கு, கம்பி மிதக்கும் என்று சொன்னால் நம்மை ஒரு மாதிரி பார்ப்பார். அவர் பார்வையில் தவறில்லை.

நெருப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பிசின் ஏறத்தாழ 100 டிகிரியைத் தாண்டியதும் இளகுகிறது. கம்பிக்கும் கான்கிரீட்டுக்கும் உள்ள பிடிப்பு அதோடு போகிறது. இழைகள் அதற்கு வெகு மேலேயும் தாங்கும். கம்பியின் முனைகள் தீ எட்டாத இடத்தில் ஆழப் பதிந்திருந்தால் பீம் பிழைக்கக்கூடும். குடியிருப்புக் கட்டடத்தில் அந்த நம்பிக்கையில் நான் கையெழுத்துப் போடமாட்டேன்.

இவ்வளவு குறை சொன்ன பிறகு, வேண்டாம் என்கிறேனா? இல்லை. பீமை விட்டுக் கொஞ்சம் வெளியே வந்தால் இந்தக் கம்பி ஜொலிக்கிற இடங்கள் உண்டு. பாலத் தளத்தின் சிலாப், பக்கவாட்டில் இறுகப் பிடிக்கப்பட்டிருந்தால், சக்கரச் சுமையை வளைந்து தாங்குவதைவிடத் தனக்குள் ஒரு வில்வளைவை உண்டாக்கி அமுக்கத்தில்தான் தாங்குகிறது. அங்கே கம்பியின் விறைப்புக்கு அவ்வளவு மரியாதை இல்லை. 1995-ல் நோவா ஸ்கோஷியாவின் சால்மன் ஆற்றுப் பாலத்தில் தளத்துக்குள் இரும்பே இல்லாமல் கட்டியது இந்தத் தத்துவத்தில். அடுத்த ஆண்டே மேற்கு வர்ஜீனியாவின் மெக்கின்லிவில் பாலத்தளத்தில் இவ்வகைக் கம்பியைப் போட்டார்கள். எம்ஆர்ஐ அறைகளில் காந்தத்துக்கு வசப்படாத கம்பி வேண்டும். அங்கே இதற்குப் போட்டியே இல்லை. மெட்ரோ சுரங்கம் தோண்டும் எந்திரம் நிலைய மதிலைத் துளைத்துப் புக வேண்டிய வட்டத்தில் இரும்பை வைத்தால் எந்திரத்தின் பல் போகும். கண்ணாடிக் கம்பியானால் அரைத்துக்கொண்டு போய்விடும். குறுக்காக வெட்டினால் அறுந்துபோகும் குறைபாடு அங்கே குணமாகிறது.

நம் கடற்கரைக்கு வந்தால் தூண்டில் வளைவுகளின் கான்கிரீட் மகுடம், மீன்பிடித் துறைமுகத் தளங்கள், கடலோர நடைபாதை, வடிகால் சுவர், உப்பளத் தொட்டிகள் என்று வரிசையாகச் சொல்லலாம். இவற்றில் பெரும்பாலானவை நிலத்தில் முதுகைச் சாய்த்திருப்பவை. தொய்வுக் கவலை இல்லை, உப்புக் கவலை மட்டுமே உண்டு. இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2023-ல் ஐஎஸ் 18256 என்று இந்தக் கம்பிக்கெனத் தரக்குறிப்பு வெளியிட்டுவிட்டது. ஆகவே கடைக்காரரிடம் பேரம் பேசுவதற்கு முன், அந்தத் தரத்துக்கு உட்பட்டுச் சோதித்த சான்றைக் கேளுங்கள். அதில் இழுவலிமைக்குக் கீழே எழுதியிருக்கும் யங் குணகத்தை முதலில் படியுங்கள். பிசின் எது என்று கேளுங்கள்.

கடைசியாக ஒன்று. முஃப்தியின் குழு துளைத்தெடுத்தது குளிர்நாட்டுக் கான்கிரீட்டிலிருந்து. கண்ணாடியைக் காரம் அரிப்பது ஒரு வேதிவினை. சூடு ஏற ஏற அது வேகமெடுக்கும். மண்டபம் ஊரின் கடற்காற்றில் வருடம் முழுதும் வேகும் சிலாபுக்குள் கம்பி எப்படி இருக்கும் என்பதைக் கால்கரியின் எண்ணை வைத்துச் சொல்லக் கூடாது. காரைக்குடி மின்வேதியியல் ஆய்வகத்துக்கு மண்டபத்தில் அரிப்பு ஆய்வு நிலையம் இருக்கிறது. உலோகத் தகடுகளை உப்புக்காற்றில் வைத்து வருடக்கணக்கில் கவனித்த அனுபவம் அங்கே உண்டு. அதே வளாகத்தில், நிரந்தரச் சுமை ஏற்றி வெடிக்கவைத்த சின்னச் சின்னக் கண்ணாடிக் கம்பிப் பீம்களை வரிசையாக நிறுத்தலாம். பாதி வெயிலில், பாதி அலைத்தெறிப்பில். ஐந்து வருடத்துக்கு ஒருமுறை இரண்டை உடைத்துக் கம்பியை வெளியே எடுத்து இழுத்துப் பார்க்க வேண்டும். பீம் வார்க்கும் செலவு ஒரு சாதாரண ஆய்வுத் திட்டத்துக்குள் அடங்கும். முதல் இரண்டை உடைக்கும்போது இந்த அவையில் முன்வரிசையில் இருக்கும் மாணவர்கள் தேர்ந்த பொறியாளர்களாகியிருப்பார்கள். வார்க்க வேண்டிய எம்30 கலவையும் 20 மி.மீ. கவரும் எப்படி இருக்க வேண்டும் என்று ஒரு குறிப்பு எழுதிக் கொண்டுவந்திருக்கிறேன். விரும்புகிறவர்கள் பேச்சு முடிந்ததும் வாங்கிக்கொள்ளலாம்.